எழுபத்தாறு டிகிரி

மோகனூர் ஆலைக் கொட்டாயில் செங்கோடனுக்கு அடுப்பு வேலை. கரும்புப் பால் கொதிக்கும் பெரிய கொப்பரைக்கு அடியில், குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, காய்ந்த சக்கையை நெருப்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வெல்லம் பதத்துக்கு வந்ததா இல்லையா என்று பார்ப்பவர்கள் வேறு. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நெருப்பின் வாய்தான். வருஷக்கணக்காக அந்த வாய்க்கு எதிரே உட்கார்ந்ததில் புருவமயிர் கருகிப் போய், முகம் எப்போதும் எதற்கோ ஆச்சரியப்பட்டது போல இருக்கும்.

அவன் மனைவி செல்லியம்மாளுக்கு வெயில் ஆகாது. மாசி கழிந்துவிட்டால் தலை சுற்றும். சித்திரை வந்துவிட்டால் காட்டில் களை வெட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிடுவாள். யாராவது முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்ப வேண்டும். எழுந்ததும், "ஒண்ணுமில்லீங்க, சித்த மயக்கம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் களைக்கொத்தை எடுத்துக்கொள்வாள். ஒவ்வொரு சித்திரையும் செங்கோடனுக்குப் பயம்தான். குழிக்குள் இருக்கும்போது மேலே யாராவது ஓடிவரும் காலடி கேட்டால் அவன் கை நின்றுவிடும்.

அந்த வருஷம் மேட்டூர் மின்சாரம் சேலத்துக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தை மாதத்தில் மோகனூரில் தண்டோரா போட்டார்கள். ஜில்லா மக்களை வெயிலின் கொடுமையிலிருந்து விடுவிக்க சேலம் அஸ்தம்பட்டியில் வெப்ப நிவாரண ஆபீஸ் திறந்திருக்கிறார்கள், குளிர் வேலைக்கு ஆள் வேண்டும் என்று தண்டோராக்காரன் சொன்னான். செங்கோடன் அவனை நிறுத்தி இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

"குளிரு பண்றதையும் ஒரு வேலையா வெச்சிருக்காங்களாம் புள்ள" என்றான் வீட்டுக்கு வந்ததும்.

"அடுப்பு எரிக்கறவன அங்க ஆருங்க எடுப்பாங்க?"

"கத்துக்கறேன். நல்லாக் கத்துக்கிட்டு வந்து நம்ம ஊட்ட உனக்குச் சில்லுன்னு பண்ணிப்போடறேன். அப்பறம் சித்திரையாவது வைகாசியாவது."

செல்லியம்மாள் சிரித்தாள். "மொதல்ல தள்ளி உக்காருங்க. உங்க மேல இன்னும் அடுப்புச் சூடு அடிக்குது."

அவன் தள்ளி உட்கார்ந்தான். மறுவாரம் சேலத்துக்குப் புறப்பட்டான்.

வெப்ப நிவாரண ஆபீசின் பெரிய அதிகாரி, வெப்பத்தைப் பற்றிச் சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். அங்கே வெப்பம் கிடையாது என்பதால் படிப்புக்கு எந்த இடைஞ்சலும் ஏற்படவில்லை. அவர் வலப்பக்கத்தில் ஹெட்கிளார்க் வெங்கடாசலம் நின்றார். வேலை கேட்டு வந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேள்வி கேட்டார்கள்.

"வெப்பம் என்றால் என்ன?" என்று கேட்டார் பெரிய அதிகாரி.

"சுடுமுங்க" என்றான் செங்கோடன்.

வெங்கடாசலம் முகத்தைச் சுளித்தார். "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. இந்த ஆபீஸ்ல அது இன்னும் நிரூபணம் ஆகலே."

இவன் நெருப்போடு வாழ்ந்தவன் என்று தெரிந்ததும் பெரிய அதிகாரி நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார். வெப்பத்தை அனுபவித்தவனுக்கு அதைப் பற்றி ஒரு முன்முடிவு இருக்கும், அது நிர்வாகத்துக்கு நல்லதல்ல என்றார். ஆனால் காவிரிக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் இருந்தால் மேலிடத்துக்கு எழுத வசதியாக இருக்கும் என்று வெங்கடாசலம் காதோடு சொன்னதால், செங்கோடனை எடுத்துக்கொள்வது என்றும், உடம்பில் சேர்ந்திருக்கும் சூடு முழுவதும் இறங்கும்வரை ஆபீசுக்குள் விடக் கூடாது என்றும் முடிவாயிற்று.

அவனை ஆறப் போட்டார்கள். பின்கட்டில் ஒரு ஈரச்சாக்கின்மேல் உட்கார வைத்தார்கள். தினமும் காலையில் வெங்கடாசலம் வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஆறலே" என்று சொல்லிவிட்டுப் போவார். செங்கோடனுக்கு ஒன்றும் புரியவில்லை. குளிர் வேலையின் முதல் பாடம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து, கூடுமானவரை ஆறிப்போக முயன்றான். ஒரு நாள் அவன் தும்மினான். ஆள் தயார் என்று உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

வேலை கடினமில்லை. ஜன்னல்களிலும் கதவுகளிலும் வெட்டிவேர்த் தட்டி கட்டியிருந்தது. கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி, தட்டி காயாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய அதிகாரியின் அறைத் தட்டி எப்போதும் சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும். ஹெட்கிளார்க்கின் தட்டி ஈரமாக இருந்தால் போதும். குமாஸ்தாக்களின் தட்டி ஈரமாக இருந்ததாக ஞாபகம் இருந்தால் போதும். ஜனங்கள் மனுக் கொடுக்க வந்து நிற்கும் வாசலில் தட்டி கிடையாது.

"வாசல்லயும் ஒண்ணு கட்டினா என்னங்க?" என்று செங்கோடன் ஒரு தரம் கேட்டான்.

வெங்கடாசலம் பொறுமையாக விளக்கினார். "குளிர்ச்சி மேலேருந்து கீழே எறங்கும். இது விஞ்ஞானம். மொதல்ல ஐயா குளிரணும். ஐயா தலை குளிர்ந்தாத்தான் ஜனங்களோட சூட்டைப் பத்தி யோசிக்க முடியும். அவர் குளிர்ந்து முடிச்சதும் மிச்சம் எங்கிட்ட வரும். எங்கிட்டேருந்து குமாஸ்தா. அப்புறம் வாசல்."

"வாசலுக்கு எப்பங்க வரும்?"

"வந்துக்கிட்டே இருக்கு."

தாழ்வாரத்தில் சின்னப்பராஜ் என்று ஒருவன் இருந்தான். சேலத்துக்காரன், மாதா கோயிலில் ஞாயிறு தவறாமல் பூசை காண்பவன். கூரையில் தொங்கும் பெரிய துணி விசிறியான பங்காவைக் கயிற்றால் இழுத்து ஆட்டுகிற வேலை அவனுக்கு. மின்சார விசிறி வந்ததும் பங்காவைக் கழற்றிவிட்டார்கள், ஆனால் பங்கா இழுப்பவன் வேண்டாம் என்று யாரும் உத்தரவு போடவில்லை. அதனால் அவன் தினமும் வந்து சுவரோரம் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். கயிற்றின் மறுமுனை எதிலும் கட்டியிருக்கவில்லை.

"கை வலிக்கலீங்களா?" என்று செங்கோடன் கேட்டான்.

"காத்து வந்தப்ப வலிக்கலேண்ணே. இப்பத்தான் வலிக்குது" என்றான் சின்னப்பராஜ்.

ஜில்லாவின் வெப்பநிலையை அளந்து மேலிடத்துக்குத் தெரிவிப்பதும் அந்த ஆபீசின் பொறுப்பு. தெர்மாமீட்டர் விலையுயர்ந்த சாமான். வெளியில் மாட்டினால் வெயில் பட்டுக் கெட்டுவிடும் என்பதால் அதைப் பெரிய அதிகாரியின் அறையில், அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். செங்கோடன் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியதால் அது எப்போதும் பாரன்ஹீட் கணக்கில் எழுபத்தாறு டிகிரி காட்டியது. ஆகவே சேலம் ஜில்லாவின் வெப்பநிலை எழுபத்தாறு டிகிரி. தெருவில் காக்கை வறண்ட குழாயடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோதும் எழுபத்தாறு. ஆட்டையாம்பட்டி ஜனங்கள், வெயில் தாங்க முடியாமல் தறிக்குழியிலேயே ஆட்கள் மயங்கி விழுவதாக மனுக் கொண்டுவந்தார்கள். செங்கோடனின் ஒரே மகள் அத்தாயியைக் கட்டிக் கொடுத்த ஊர் அது. பெரிய அதிகாரி தலையை நிமிர்த்தித் தெர்மாமீட்டரைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்து, எழுபத்தாறு டிகிரியில் மனிதன் மயங்குவதில்லை, தூங்குகிறான், வேலை நேரத்தில் தூங்குவது தவறு என்று சொல்லி அனுப்பினார்.

செங்கோடன் தட்டிக்கு இந்தப் பக்கம் குடத்தோடு நின்று எல்லாவற்றையும் கேட்டான். தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து ஊற்றினால் அந்தப் பாதரசம் மேலே ஏறும் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் அவன் கற்றுக்கொள்ள வந்தவன். வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு தட்டி கட்டத் தெரிந்திருக்க வேண்டும். அதை நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தான்.

பங்குனிக் கடைசியில் குளிர்பெட்டி வந்தது. ஆள் உயர மரப்பெட்டி. உள்ளே ஐஸ் பாளத்தை அடுக்கிப் பின்னால் மின்சார விசிறியை ஓடவிட்டால் முன்னால் குளிர்ந்த காற்று வரும். ஐஸ், மரத்தூளில் புதைந்து மதராஸிலிருந்து ரயிலில் வரும். பெட்டி இருக்கும் ஆபீஸ் வளாகத்தில் வேப்பமரம் ஒன்று நின்றது. மனுக் கொடுக்க வருகிறவர்கள் அதன் அடியில்தான் உட்காருவார்கள். இலாகா அனுமதி பெறாத நிழல் இலாகாவின் குளிர்ச்சியோடு கலந்தால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று மரத்தை வெட்டிவிட்டார்கள்.

சித்திரையில் ஒரு நாள் குளிர்பெட்டித் திறப்பு விழா. அதையொட்டி, வெயில் ஒத்துக்கொள்ளாத ஏழைகளை ஆபீசுக்குள் அழைத்துக் கொஞ்ச நேரம் குளிரில் உட்காரவைத்து அனுப்புவது என்று ஏற்பாடு. அதற்குக் குளிர் தானம் என்று பெயர். செங்கோடன் வெங்கடாசலத்திடம் போய் நின்றான்.

"எங்க ஊட்டுக்காரியவும் வரச் சொல்லலாமுங்களா சாமி? அவளுக்கு வெய்யிலே ஆகாதுங்க."

"தாராளமா வரச் சொல்லு. கூட்டம் வேணும்" என்றார் வெங்கடாசலம்.

நாமக்கல் பஸ்காரரிடம் சொல்லியனுப்பினான். வருகிறாள் என்று பதில் வந்ததும் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சின்னப்பராஜிடம் இரண்டு முறை சொன்னான். "காலைலயே வந்துருவா. நான் உள்ள இருப்பேன். நீங்க பாத்துக்கோங்க, செவத்த சீல கட்டியிருப்பா. பெட்டிக்கு நேரா உக்கார வெக்கணும்."

விழா அன்று காலையில் செங்கோடனை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை கதவைத் திறக்கக் கூடாது, திறந்தால் குளிர் போய்விடும், சாயங்காலம் விழா முடிந்ததும்தான் திறக்க வேண்டும் என்று உத்தரவு. அழைக்கப்பட்ட பெரிய மனிதர்களும் உத்தியோகஸ்தர்களும் உள்ளே இருந்தார்கள். தானம் வாங்க வந்தவர்கள் வெளியே, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குளிர் இன்னும் மேலேயே இருந்தது.

ஐஸைக் கையால் தொட்டது செங்கோடனுக்கு அதுதான் முதல் தடவை. பாளத்தைத் தூக்கிப் பெட்டியில் வைத்தபோது கை மரத்தது. சிரிப்பு வந்தது. இதில் ஒரு துண்டைச் செல்லியம்மாள் உள்ளங்கையில் வைத்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டான்.

உச்சிப்பொழுதுக்குப் பெரிய அதிகாரி பேச எழுந்தார். தோளில் சால்வை போர்த்தியிருந்தார்.

"கனவான்களே, வெப்பம் என்பது பெரும்பாலும் ஒரு மனப்பான்மை. நம் ஜனங்களிடம் பொறுமை குறைந்துவிட்டது. நான் மூன்று மாதமாக இந்த அறையில் இருக்கிறேன். ஒரு நாளாவது வெயில் சுடுகிறது என்று நான் முறையிட்டதுண்டா? நான் தாங்கிக் கொள்ளவில்லையா? நான் தாங்கும்போது அவர்களால் ஏன் முடியாது? ஏழைகளின் வெப்பத்தை நினைத்து நானும் இந்த ஆபீசும் எவ்வளவு நடுங்குகிறோம் என்பதை நீங்களே பார்க்கிறீர்கள்."

முன்வரிசையில் உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கைதட்டினால் கொஞ்சம் சூடேறும் என்பதால் பலமாகத் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் ஓய்ந்தபோது வெளிக்கதவை யாரோ தட்டுவது கேட்டது. செங்கோடன் குடத்தைக் கீழே வைத்தான்.

"ஆரோ தட்டறாங்க சாமி."

"தட்டட்டும். ஐயா பேசறார்" என்றார் வெங்கடாசலம் தாழ்ந்த குரலில்.

கதவு மறுபடி தடதடத்தது. "தண்ணி வேணுங்க, தண்ணி" என்று குரல் வந்தது. சின்னப்பராஜின் குரல். கிணற்றுத் தண்ணீரையெல்லாம் தட்டிகளுக்காக விடிகாலையிலேயே சேந்தி உள்ளே அண்டாக்களில் நிரப்பியிருந்தார்கள்.

"ஒரு கொடம் குடுத்துப்போட்டு வந்தர்றேனுங்க."

"கதவைத் திறந்தா குளிர் போயிடும். தட்டறவங்க வெளியே இருக்கறவங்க. நீ உள்ளே இருக்கறவன். உன் வேலையைப் பாரு. அந்தத் தட்டி காயுது பாரு."

செங்கோடன் பார்த்தான். தட்டி காய்ந்துதான் இருந்தது. குடத்தை எடுத்து ஊற்றினான். கதவு தட்டிக்கொண்டே இருந்தது. அவன் அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தான். பிறகு தட்டுவது நின்றது. யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள் என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் கதவைத் திறந்தார்கள். தாழ்வாரத்தில் சின்னப்பராஜ் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் சிவப்புச் சேலை.

செங்கோடன் உள்ளே ஓடினான். பெட்டிக்குள் மிஞ்சியிருந்த ஐஸை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து அவள் நெற்றியிலும் கன்னத்திலும் கழுத்திலும் தேய்த்தான். நெற்றி சுட்டது. உயிர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தும் வெயில் இன்னும் அவள் உடம்பில் இருந்தது. ஐஸ் கரைந்து காதோரமாக வழிந்தது. அவன் உடம்பெல்லாம் சில்லென்று இருந்தது. அவளை அணைத்துக்கொண்டான். தள்ளி உட்காரச் சொல்ல அவள் இல்லை.

"எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே" என்றான். "இன்னாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கதவ ஒடச்சிப்போட்டு வந்திருப்பனே."

சின்னப்பராஜ் அழுதான். "அவங்கதாண்ணே வேணாம்னாங்க. நினைவு தப்பறதுக்கு முன்னாடி எங்கையப் பிடிச்சுக்கிட்டாங்க. அவருகிட்டச் சொல்லாதீங்க, வேலைய உட்டுப்போட்டு வந்துருவாருன்னாங்க. இப்பத்தான் கத்துக்கறாருன்னாங்க."

காலையிலிருந்து அவள் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், உள்ளே குளிர் பண்ணுவது என் ஊட்டுக்காரர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

வண்டி வைத்து மோகனூருக்குக் கொண்டுபோனார்கள். காவிரிக் கரையில் எரித்தார்கள். ஆயுசெல்லாம் நெருப்புக்குச் சக்கை தள்ளிய கை அன்று தள்ள மாட்டேன் என்றது. பக்கத்தில் நின்றவர்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கொள்ளி வைத்தார்கள்.

ஆபீசில் விசாரணை நடந்தது. ஆபீஸ் வாசலில் ஒருவர் இறந்தால் காரணம் சொல்லியாக வேண்டும். சின்னப்பராஜைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"வெய்யில்தாங்க" என்றான் அவன்.

"நீ வெளியே இருந்தவன்" என்றார் வெங்கடாசலம். "வெளியே தெர்மாமீட்டர் கிடையாது. வெயில்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அன்று ஜில்லாவின் வெப்பநிலை எழுபத்தாறு டிகிரி. சொல்லப்போனால் பெட்டி ஓடியதால் அதற்கும் கீழே. அந்த வெப்பநிலையில் யாரும் வெயிலால் சாக முடியாது. ஆகவே அவள் குளிரால் இறந்தாள் என்று பெரிய அதிகாரி முடிவு செய்தார். முதலில் அவருக்கே சற்று வருத்தமாக இருந்தது. யோசிக்க யோசிக்க வருத்தம் குறைந்தது. மூடிய கதவையும் தாண்டி, வாசல் வரைக்கும் குளிர் போயிருக்கிறது. இந்தியாவில் வேறெந்த ஆபீசுக்கும் கிடைக்காத பெருமை.

மதராஸிலிருந்து மேலதிகாரி பார்வையிட வந்தார். செங்கோடனை அழைத்துவர மோட்டார் போயிற்று. அவன் வர மறுக்கவில்லை. தப்பாகிவிட்டது, வெயிலில் போட்டுவிட்டோம் என்று யாராவது ஒருவர் வாயால் சொல்வார்கள் என்று நினைத்தான். அதைக் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் எழுந்து நின்று மௌனம் அனுசரித்தார்கள். பெரிய அதிகாரி பேசினார். "இந்த ஏழை ஊழியன் தயாரித்த குளிர், பாரபட்சமில்லாமல் அவன் சொந்த மனைவியிடமே முதலில் போய்ச் சேர்ந்தது. குளிர்ச்சி கீழே இறங்குவதில்லை என்று குறை சொல்கிறவர்கள் இனியாவது வாயை மூட வேண்டும்."

மதராஸ் அதிகாரி நல்ல மனிதர். அவருக்கு ஒரு சின்ன சந்தேகம் இருந்தது. செங்கோடனையே கேட்டார். "ஏனப்பா, உன் சம்சாரம் குளிரால்தான் இறந்தாளா?"

செங்கோடன் அவர் முகத்தையும் மற்றவர்கள் முகத்தையும் பார்த்தான். தட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

"நான் பாக்கலீங்க. நான் உள்ள இருந்தேன்" என்றான். "குளுருல போயிருந்தா நெம்ப நல்லதுங்க சாமி. அதுக்குத்தானுங்க அவ வந்தா. போறதுக்கு முந்தி ஒருக்காவாச்சும் அவளுக்குச் சில்லுன்னு பட்டுதுன்னு ஆராச்சும் சொன்னீங்கன்னா, நான் அதக் கேட்டுப்போட்டுப் போயர்றேனுங்க."

பெரிய அதிகாரிதான் முதலில் சமாளித்துக்கொண்டார். "கணவனே ஒப்புக்கொண்டுவிட்டான்" என்றார். மதராஸ் அதிகாரி தலையசைத்தார். ஹெட்கிளார்க் மரியாதைக்கு அவருக்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வருஷம் சேலம் ஜில்லாவில் வெயிலால் ஒருவரும் இறக்கவில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார்கள்.

செங்கோடன் வெளியே வந்தான். சின்னப்பராஜ் கூடவே பஸ் நிற்கும் இடம்வரை நடந்தான். செங்கோடன் மோகனூர் பஸ்ஸில் ஏறவில்லை. ஆட்டையாம்பட்டிக்குப் போனான்.

உச்சிவெயில். அத்தாயி பாயை விரித்துவிட்டு மோர் கரைக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பாயில் ஆள் இல்லை. செங்கோடன் வாசலில், நிழல் ஒரு துளியும் இல்லாத இடத்தில், வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். தலையில் துண்டுகூட இல்லை.

"ஏனுங்கய்யா, வெய்யில்ல போயி உக்காந்திருக்கீங்க. உள்ள வாங்க."

"இருக்கட்டும் கண்ணு."

"மண்டை காஞ்சு போயிருமுங்க. எந்திரிங்க."

"அவ எத்தன நேரம் இப்படி உக்காந்திருந்தான்னு எனக்குத் தெரியலே கண்ணு" என்றான் செங்கோடன். "சித்த நேரம் இருந்து பாக்கறேன்."

அத்தாயி மோர்ச்சொம்பை வாசற்படியில் வைத்தாள். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ளப் போனவள், போட்டுக்கொள்ளாமல் இறங்கி வந்து அப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.